தாடிக்கு வேண்டியது தண்ணீர்

சவரத்துக்கு சோப்பும் பிரஷ்ஷும் நல்லதா, டின்னில் வரும் ஃபோம் நல்லதா என்று வாதம் கிளம்பினால் இரு தரப்பாரும் நுரையைப் பற்றியே பேசுகிறார்கள். ஆனால் தாடியை மெத்தென்று ஆக்குவது தண்ணீர். முடியில் உள்ள கெரட்டின் புரதம் நீரில் ஊறும்போது அதன் ஹைட்ரஜன் பிணைப்புகள் தளர்கின்றன. காய்ந்த முடியை வெட்டத் தேவைப்படும் விசையைவிட ஊறிய முடிக்கு மிகக் குறைவாகவே போதும். வெதுவெதுப்பான நீரில் இப்படி ஊற இரண்டு மூன்று நிமிடம் பிடிக்கும். நுரைக்கு மிஞ்சும் வேலை இரண்டு: ஊறிய முடியைக் காயவிடாமல் வைத்திருப்பது, பிளேடு வழுக்கிப் போக தோலின் மேல் ஓர் ஈரப் படலம் தருவது. எடை போட வேண்டிய தராசு இதுதான். மணம், பழக்கம், ஏக்கமெல்லாம் அவரவர் விருப்பம்.

பொருளளவில் இரண்டும் ஒரே குடும்பம். சவர சோப்பில் ஸ்டியரிக் அமிலம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடோடு சேர்கிறது. கட்டியாக நிற்பதற்காகக் கொஞ்சம் சோடியம் ஹைட்ராக்சைடும் சேர்ப்பதுண்டு. குளியல் சோப்பு பெரும்பாலும் சோடியம் சோப்பு. அவசரத்துக்கு அதையே முகத்தில் தேய்த்துக்கொள்கிறவர்களின் நுரை, பிளேடு மறு கன்னத்துக்குப் போகும் முன் அடங்கிப்போவதற்கு அதுவும் ஒரு காரணம். ஃபோமிலும் அதே ஸ்டியரிக் அமிலம்தான்; காரம் மட்டும் பெரும்பாலும் டிரைஎத்தனாலமைன். முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். அதோடு ஐசோபியூட்டேன், புரோப்பேன் போன்ற வாயுக்கள், அழுத்தத்தில் திரவமாகக் கலந்திருக்கும். பொத்தானை அழுத்தியதும் அவை ஆவியாகி விரிந்து நுரையை உப்ப வைக்கின்றன. டின்னில் அடைத்த ஃபோம் அமெரிக்காவில் 1949இல் ‘ரைஸ்’ என்ற பெயரில் கடைக்கு வந்தது.

ஆக, வேறுபாடு சேர்மானத்தில் அதிகமில்லை. நுரை எப்படி உண்டாகிறது என்பதில்தான் இருக்கிறது.

பிரஷ்ஷை நனைத்து, உதறி, சோப்பின் மேல் அரை நிமிடம் சுற்றிப் பாருங்கள். முதலில் ஏறுவது கெட்டிப் பசை. அதை அப்படியே பூசினால் பிளேடு பிடித்து இழுக்கும். பிரஷ்ஷின் நுனியை மட்டும் தண்ணீரில் தொட்டு, கன்னத்தில் வட்டமாகத் தேய்த்து, மறுபடி தொட்டு, மறுபடி தேய்க்க வேண்டும். மூன்று நான்கு முறை ஆனதும் குமிழிகள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறுத்து, நுரையில் ஒரு பளபளப்பு ஏறும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் கொஞ்சம் வைத்து அழுத்தினால் வழுக்க வேண்டும்; வழுக்காவிட்டால் இன்னும் தண்ணீர் கேட்கிறது என்று அர்த்தம். இவ்வளவும் முடிய இரண்டு மூன்று நிமிடமாகும். தாடி ஊறவும் அதே நேரம்தான் வேண்டும். பிரஷ்ஷின் உண்மையான பலம் இதுவே. அது முடியைத் தூக்கி நிறுத்துகிறது என்று அதன் ரசிகர்கள் சொல்வதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஈர முடி அடுத்த கணமே படிந்துவிடும். எண்ணெய்ப் பிசுக்கை அகற்றி, முடிகளுக்கு இடையே நீரைத் தேய்த்து இறக்குகிறது என்பதுதான் பெறுமதியான செய்தி.

ஃபோம் இந்த நேரத்தை விழுங்கிவிடுகிறது. அழுத்து, பூசு, வழி. உள்ளங்கையில் அது பெரிதாகத் தெரிந்தாலும் பஞ்சுமிட்டாய் மாதிரி அழுத்தினால் அடங்கிவிடும், பருமனில் பெரும்பகுதி வெறும் வாயு. தடித்த வெள்ளை அடுக்கு தோலைக் காக்கும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் குறைவு. பிளேடு தொடுவது கடைசி மெல்லிய படலத்தை மட்டும்தான். ஊறாத முரட்டுத் தாடியில் ஒரே இடத்தில் மறுபடி மறுபடி இழுப்பதால்தான் கழுத்தில் எரிச்சலும் சிவப்புப் புள்ளிகளும் வருகின்றன. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். குளித்து முடித்த ஈரத்தோடு, அல்லது வெந்நீரில் நனைத்த துண்டை மூன்று நிமிடம் வைத்திருந்த பிறகு ஃபோம் பூசிக்கொள்கிறவருக்கு இந்தக் குறையில் பெரும்பகுதி நீங்கிவிடும்.

ஃபோம் தெளிவாக ஜெயிக்கும் இடம் ஒன்று உண்டு: உப்புத் தண்ணீர். தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் குழாயில் வருவது போர் தண்ணீர். அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத கசடாகிவிடும். எவ்வளவு சுற்றினாலும் திரிதிரியாக வருமே தவிர நுரை கட்டாது. ஃபோம் தனக்கு வேண்டிய தண்ணீரைத் தன்னோடு கொண்டு வருகிறது. சோப்பு மோசம் என்று பிரஷ்ஷைத் தூக்கிப் போட்டவர்களில் பலருக்குக் குற்றவாளி தண்ணீர்தான். கொதிக்க வைத்தாலும் கடினத்தன்மை முழுதும் போகாது. குடிக்கிற தண்ணீரில் அரை டம்ளர் எடுத்துக்கொண்டால் போதும், அதே சோப்பு வேறு சோப்பாகிவிடும்.

செலவிலும் குப்பையிலும் போட்டியே இல்லை. ஒரு வட்டு சோப்பு மாதக்கணக்கில் வரும், பிரஷ் ஆண்டுக்கணக்கில். தீர்ந்த டின் உலோகக் குப்பை. அதில் இருப்பது சமையல் எரிவாயுவின் உறவு என்பதால் 50 டிகிரிக்கு மேல் சூடுபடக் கூடாது என்று அதன் மேலேயே அச்சிட்டிருக்கிறார்கள். அக்னி நட்சத்திர வெயிலில் பூட்டிய காருக்குள் அதை விட்டு வைக்க வேண்டாம்.

இனி, சோப்பின் பக்கம் நிற்பவர்கள் பேசத் தயங்கும் விஷயம். பிரஷ் நோயைச் சுமக்கும். முதல் உலகப் போர்க் காலத்தில் பேட்ஜர் என்ற விலங்கின் முடி வரத்து குறைந்தபோது சரியாகச் சுத்திகரிக்காத குதிரை முடியில் பிரஷ் செய்தார்கள். அதனால் பிரிட்டிஷ், அமெரிக்கச் சிப்பாய்களும் பொதுமக்களுமாக 200க்கும் மேற்பட்டோருக்கு ஆந்த்ராக்ஸ் வந்தது. இன்று அந்தப் பயம் இல்லை, செயற்கை இழை பிரஷ்ஷே மலிவாகக் கிடைக்கிறது. ஆனால் ஒரே பிரஷ் பல முகங்களுக்குப் போனால் படர்தாமரை, மரு, பாலுண்ணி, சீழ்க் கொப்புளம் எல்லாம் பரவும். எய்ட்ஸ் பற்றிய விழிப்புணர்வு வந்த பிறகு நம் சலூன்களில் ஆளுக்கொரு புது பிளேடு பழக்கமாகிவிட்டது. பிரஷ் மட்டும் பல கடைகளில் அதே குவளையில் நிற்கிறது.

என் தீர்ப்பு இது. வீட்டில், தனக்கென்று ஒரு பிரஷ், நல்ல தண்ணீர், ஐந்து நிமிடம் உள்ளவருக்கு சோப்புதான் மேல். முரட்டுத் தாடிக்கும் எரிச்சல் கொள்ளும் கழுத்துக்கும் ஐயமில்லாமல் மேல். உப்புத் தண்ணீர் ஊரில் தங்க நேர்ந்தாலோ, குளித்த கையோடு சவரம் செய்வதாக இருந்தாலோ ஃபோமில் குறை காண மாட்டேன். சலூனில் பொதுப் பிரஷ்ஷுக்கு நான் எந்தச் சலுகையும் தர மாட்டேன். நாற்காலியில் உட்கார்ந்ததும் அண்ணனிடம் சொல்லிவிடுங்கள்: “பிரஷ் வேண்டாம்ணே, கிரீமைக் கையிலேயே போட்டுத் தேய்ச்சு விடுங்க. கொஞ்சம் நேரம் ஊறட்டும்.”