கோதை பிறந்த ஊருக்கு ஒரு மிஸ் மார்ப்பிள் வேண்டும்

போர்க்கால இங்கிலாந்துக் கிராமத்தில் நடக்கும் துப்பறியும் கதையைப் போல மனசுக்கு இதமான வாசிப்பு இன்னொன்று கிடையாது. அடித்துச் சொல்வேன். கொலைக் கதையில் இதம் எங்கிருந்து வரும் என்று கேட்கிறவர்களைக் கையைப் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூர் பென்னிங்டன் நூலகத்துக்கு இழுத்துப்போக ஆசை. கலெக்டர் பென்னிங்டன் பெயரில் 1875-இல் தொடங்கிய நூலகம் அது. ராஜபாளையத்தில் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்துப் பயணம். பையில் ஒரு அகதா கிறிஸ்டியைப் போட்டுக்கொண்டு போய் அங்கே உட்கார்ந்துவிட்டால் எனக்கு மதியச் சாப்பாடு மறந்துபோகும்.

1942-இல் வந்த கிறிஸ்டியின் ‘தி மூவிங் ஃபிங்கர்’ இருக்கிறதே, ஆஹா! விமான விபத்தில் அடிபட்ட ஜெர்ரி பர்ட்டன், உடம்பு தேறுவதற்காக லிம்ஸ்டாக் என்ற சின்ன ஊருக்குத் தங்கையோடு வந்து வாடகை வீட்டில் இறங்குகிறான். வந்து ஊர் பழகுவதற்குள் ஒரு மொட்டைக் கடிதம். அச்சுப் புத்தகத்திலிருந்து எழுத்துகளை வெட்டி ஒட்டிய கடிதம். உறையில் மட்டும் டைப்ரைட்டர் எழுத்து. விசாரித்தால் டாக்டர் வீடு, வக்கீல் வீடு என்று ஊர் முழுக்க வந்திருக்கிறது. யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும். நம்ம மாட வீதியில் ஒரு மொட்டைக் கடுதாசி விழுந்தால் என்ன நடக்குமோ அதேதான்! பாதி கதைக்கு மேல் போன பிறகே பாதிரியாரின் மனைவி அழைத்து, கிறிஸ்டியின் துப்பறியும் பாட்டி மிஸ் மார்ப்பிள் பின்னல் ஊசியோடு வந்து உட்காருகிறார். இவ்வளவு தாமதமா என்று சிலர் குறைப்படுவார்கள். எனக்கோ அதுதான் அழகு. ஊர்க்காரர்களோடு சேர்ந்து நாமும் சந்தேகப்பட்டுச் சலித்த நேரத்தில், ஒரு கிழவி வந்து நாலு கேள்வியில் முடிச்சை அவிழ்க்கிறாள்.

இத்தனைக்கும் அந்தக் கதை போரைப் பற்றி வாய்திறப்பதே அபூர்வம். லண்டனில் குண்டு விழுந்த ஆண்டுகளில் கிறிஸ்டி ஆஸ்பத்திரி மருந்தகத்தில் மருந்து கலக்கிக்கொண்டே இப்படியெல்லாம் எழுதிக் குவித்தார் என்பதை நினைத்தால் கும்பிடத் தோன்றுகிறது. 1941-இல் வந்த ‘என் ஆர் எம்?’ நேரடியாக ஒற்றர் கதை. அதில் ஒரு மேஜருக்கு பிளெட்ச்லி என்று பெயர் வைத்துவிட்டார். பிளெட்ச்லியில்தான் ஜெர்மானியரின் சங்கேதங்களை ரகசியமாக உடைத்துக்கொண்டிருந்தார்கள். உளவுத்துறைக்குத் தூக்கம் போயிற்று. விசாரித்தால், ரயில் அந்த ஊரில் நின்று நகராமல் இம்சித்ததால் ஒரு சிடுமூஞ்சிப் பாத்திரத்துக்கு அந்தப் பெயரை வைத்தேன் என்றாராம் அம்மையார்!

ஆனால் என் உயிர், 1950-இல் வந்த ‘எ மர்டர் இஸ் அனௌன்ஸ்ட்’. இன்ன வீட்டில் இன்ன நேரத்தில் கொலை நடக்கும் என்று உள்ளூர்ப் பத்திரிகையில் விளம்பரம். தாங்குமா ஊர்? சாயங்காலம் ஒவ்வொருவராக ஏதோ வேறு வேலையாய் வந்ததுபோல் அந்தக் கூடத்துக்குள் நுழைகிறார்கள். வந்தவரெல்லாம் வீட்டில் கணப்புப் போட்டிருப்பதையே பேச்சுக்கு எடுக்கிறார்கள். கடிகாரம் அடிக்கிறது. விளக்கு அணைகிறது. டார்ச் வெளிச்சம். துப்பாக்கிச் சத்தம். போர் முடிந்து ஐந்தாண்டாகியும் ரேஷன் தீரவில்லை. இங்கிலாந்தில் அது 1954 வரை நீடித்தது. அதனால் அண்டை வீட்டார் திருட்டுத்தனமாக வெண்ணெய் பண்டமாற்று செய்கிறார்கள். அகதியாய் வந்த சமையல்காரி மிட்ஸி சாக்லேட்டும் வெண்ணெயும் கொட்டிச் செய்யும் கேக்குக்கு அந்த வீட்டில் ‘டெலிஷியஸ் டெத்’ என்று பெயர். படிக்கும்போதே நாக்கில் எச்சில் ஊறும்.

இந்தக் கதையின் உயிர்நாடியே போர்தான். முன்பெல்லாம் ஊருக்கு வந்தவர் யார், எவர் மகன் என்று எல்லாருக்கும் தெரியும். இப்போது அவர்களே சொல்வதைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது என்கிறார் மிஸ் மார்ப்பிள். ரேஷன் புத்தகம் இருக்கும், அடையாள அட்டை இருக்கும். அட்டையில் புகைப்படம் இருக்காது. போர் மனிதர்களைக் கலைத்துப் போட்டது. கலைந்த கூட்டத்துக்குள் ஒருவர் இன்னொருவராகப் புகுந்துகொள்ள முடிந்தது. எவ்வளவு பெரிய உண்மையை எவ்வளவு சின்னக் கூடத்துக்குள் வைத்துவிட்டார்!

‘தி மூவிங் ஃபிங்கர்’ வந்த அதே 1942-இல் நம்மிடமும் ஒரு மகாராசன் பிறந்தான். ஆனந்த விகடனில் தேவன் எழுதிய ‘துப்பறியும் சாம்பு’. பாங்கு குமாஸ்தா, அசடு என்று பெயர் வாங்கியவன், கை போன போக்கில் எதையோ செய்ய, அதில் குற்றவாளி மாட்டிக்கொள்ள, இன்ஸ்பெக்டர் கோபாலன் மெச்சுவார். ரத்தம் இல்லை, வக்கிரம் இல்லை, வயிறு குலுங்கும் சிரிப்பு. போர் பயமும் தட்டுப்பாடும் சூழ்ந்திருந்த வீடுகளுக்குள் வாராவாரம் அந்தச் சிரிப்பைக் கொண்டுபோன தேவனைக் கிறிஸ்டிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைக்க எனக்குத் தயக்கமே இல்லை.

ஆனால் சாம்பு பட்டணத்து ஆள். நம் பக்கத்து 1942 இன்னும் எழுதப்படாமல் அப்படியே கிடக்கிறது. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று அந்த ஏப்ரலில் சென்னையையே காலி செய்துகொண்டு ஜனங்கள் ஊர்ப்பக்கம் ஓடினார்கள். பர்மாவிலிருந்து தமிழர்கள் காடும் மலையுமாக நடந்தே திரும்பினார்கள். ஆகஸ்டில் வெள்ளையனே வெளியேறு போராட்டம். தலைமறைவானவர்கள் எத்தனை பேர்! இதற்கு நடுவே ஸ்ரீவில்லிபுத்தூர் தெருவொன்றில், ரங்கூனிலிருந்து வந்த மகன் நான்தான் என்று ஒருவன் வந்து நிற்கட்டும். சிறுவயதில் போனவன், காகிதம் எதுவும் கையில் இல்லை. பெற்றவள் கட்டிக்கொள்கிறாள், அத்தை உற்றுப் பார்க்கிறாள். ராஜபாளையத்து வெள்ளை நாய் ஒன்று, ரோஸ் மூக்கை நீட்டி மோந்துவிட்டுக் குரைக்காமல் நகர்கிறது. ஷெர்லக் ஹோம்ஸ் 1892-லேயே குரைக்காத நாயை வைத்துத் துப்பு துலக்கிவிட்டார், தெரியும். இருந்தாலும் அந்நியனைக் கண்டால் விடாத நம் ஊர் நாய் சும்மா இருந்தால் அதன் கனமே வேறு. ஆடிப்பூரத் தேர் நகரும் நாளில் ஒரு சாவு. கோயில் வாசலில் பூ தொடுக்கும் பாட்டி ஒருத்தி போதும், கையில் நாரோடு உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் பார்த்துவிடுவாள்.

எழுதத் தெரிந்தவர்களே, தயவுசெய்து யாராவது இதை எழுதுங்கள். முதல் பிரதியைக் காசு கொடுத்து வாங்க நான் தயார்.