தெய்வீக உறுப்பும் உப்பளத்துக் கண்ணும்

பங்குனி வெயிலில் மரக்காணத்து உப்பளத்தில் ஒரு நாழிகை நின்று பாருங்கள், தோழர்களே! வானத்திலே ஒரு கதிரவன். காலடிப் பாத்தியிலே மற்றொரு கதிரவன். இரண்டுக்கும் நடுவே உப்பை வாரிக்கொண்டு நிற்கின்றனர் ஆண்களும் பெண்களும். அந்த ஒளி பட்டுப் பட்டுக் கண்ணிலே சதை வளர்கிறது, பார்வை மங்குகிறது. உப்புநீரில் ஊறிய பாதம் வெடித்துப் புண்ணாகிறது. சிறுபாணாற்றுப்படை பாடிய எயிற்பட்டினம் இவ்வூரே என்பர் ஆய்வாளர். பழம்பெருமைக்குப் பஞ்சமில்லை, கறுப்புக் கண்ணாடிக்குத்தான் பஞ்சம்!

இக்கண்களை மனத்திலே கொண்டுதான், மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பிறந்த வரலாற்றைப் படித்தோம். 2016 டிசம்பர் 14-இல் மாநிலங்களவையும், 16-இல் மக்களவையும் அதனை நிறைவேற்றின. பணமதிப்பு நீக்கத்தால் அமளிக்காடாகக் கிடந்த கூட்டத்தொடர் அது. மக்களவை கையுயர்த்தியதோ அத்தொடரின் இறுதி நாளில். இந்த ஒன்றிலாவது கட்சிகள் இணைந்தன என்பதைப் பாராட்டவே செய்கிறோம். 1995-ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளையே அறிந்திருந்தது. புதுச்சட்டம் 21 வகைகளை ஏற்றது. அமில வீச்சுக்கு இரையானோரும் அதில் இடம்பெற்றனர். அரசுப் பணியில் 3 விழுக்காடு 4 ஆயிற்று.

ஆயின், 2014-இல் அவைக்கு வந்த மசோதாவில் இருந்தது 5 அன்றோ? பாத்தியில் உப்பு விளையும். டில்லியிலோ விளைந்தது கரைந்தது!

மூன்றாம் பிரிவைப் பாருங்கள். குறைபாடு காரணமாக எவரையும் வேறுபடுத்தலாகாது என்று ஒரு கையால் கொடுக்கிறது. முறையான நோக்கத்தை எய்துவதற்கு ஏற்ற அளவான வழி என்று காட்டிவிட்டால் வேறுபடுத்தலாம் என்று மறு கையால் பறிக்கிறது. எது முறையான நோக்கம்? இலக்கணம் வகுக்கவில்லை சட்டம். வாதிட்டு வரையறுக்க வேண்டிய இடத்தை, வழக்குமன்றத்துக்கு விட்டுச் சென்றது மாமன்றம்.

அதற்கு முந்திய ஆண்டு, 2015 டிசம்பரில், பிரதமர் வானொலியிலே ஒரு சொல்லை வழங்கினார்: ‘திவ்யாங்’. தெய்வீக உறுப்புடையோர் என்பது பொருள். மத்திய அரசுத் துறையின் பெயரிலும் அச்சொல் ஏறியது. இழிசொல்லை நீக்கும் எண்ணத்தை நாம் குறை கூறவில்லை. ஆனால் உப்பின் ஒளி மங்க வைத்த கண்ணிலே தெய்வீகம் எங்கே இருக்கிறது? முன்பு முன்வினை என்றார்கள். இப்போது தெய்வ அருள் என்கிறார்கள். இரண்டிலும் முதலாளி தப்பித்துக்கொள்கிறான்! காரணம் மண்ணிலே இருக்க, விண்ணைக் காட்டுவானேன்?

காரணத்தைத் தேடச் சட்டமே சொல்கிறது என்பதுதான் வியப்பு. குறைபாடு நேராமல் தடுக்கவும், அது நேரும் காரணத்தைக் கணக்கெடுத்து ஆராயவும் அரசுக்குக் கடமை விதிக்கிறது 25-ஆம் பிரிவு. நம்மைக் கேட்டால், சட்டத்தின் உயிர்நிலையே அதுதான்.

இடஒதுக்கீடு போன்ற சிறப்புப் பயன்களுக்கோ 40 விழுக்காட்டுக் குறைபாடு வேண்டும். அதற்கு மருத்துவச் சான்றும் வேண்டும். முப்பதில் நிற்கும் கண் என்ன செய்யும்? நாற்பதை எட்டும்வரை பாத்தியிலேயே நின்று மங்க வேண்டுமா? 25-ஆம் பிரிவின்படி மரக்காணத்துக் கண்களை எண்ணிய கணக்கு எங்கே என்று, இத்தொகுதியில் வாக்குக் கேட்டு வருவோரிடம் நம் இளைஞர்கள் கேட்கட்டும். கேள்வியைக் கையில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். மனுவைப் படிக்க முடியாதவர்களின் சார்பில் கேட்கிறோம்.