முதலில் காது, பிறகு ஸ்பேனர்

வேகம் குறைந்த படகின் என்ஜினை உடனே கழற்றாமல், ஓடவிட்டுக் கேட்பதுதான் மெக்கானிக் கலையின் உச்சம் என்பேன். அமிர்தகழியை ஒட்டிய மட்டக்களப்பு வாவி ஆழங்குறைந்தது. மணலில் உரசி புரொப்பெல்லர் இலைகள் தேயும். அப்போது என்ஜின் உச்சத்தில் இரையும், படகோ முன்னேறாது. புரொப்பெல்லரின் நடுவிலுள்ள ரப்பர் புஷ் வழுக்கினாலும் அதே குரல்தான். இரைச்சலே மேலேறாவிட்டால் எரிபொருள், பொறி, காற்று என்று தேடலாம். அடிப்பலகையில் பாசியும் சிப்பியும் அடர்ந்தாலும் என்ஜின் அப்படித்தானே திணறும், காது ஏமாறாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. காது தீர்ப்புச் சொல்வதில்லை, தேடலைச் சுருக்குகிறது, அவ்வளவே. ஆனால் அதுவே பெரிது. படகைக் கரையேற்றி அடியைப் பார்த்து, பிளக்குகளைக் கழற்றினால் மீதி தெரியும்: ஒன்று மட்டும் எண்ணெயில் நனைந்திருந்தால், அந்தச் சிலிண்டர் எரியவில்லை.