அஞ்ஞாதவாசமும் இரும்புக்கையும்

வானம் பொய்த்தால் விராட பர்வம் படிப்பது தமிழ்நாட்டில் பழைய வழக்கம். பருத்தியும் மக்காச்சோளமும் மானாவாரியாக நிற்கும் பெரம்பலூர், அரியலூர்க் கரிசலில் அந்த வழக்கத்தின் அவசரத்தை யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. மழைக்கும் அந்தப் பர்வத்துக்கும் உள்ள உறவு கதைக்குள்ளேயே இருக்கிறது. பதின்மூன்றாம் ஆண்டில் ஒளிந்து வாழும் பாண்டவர்களைத் தேடிப் போன ஒற்றர்கள் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். தருமன் எந்த நாட்டில் இருக்கிறானோ அங்கே பருவம் தவறாமல் மழை பெய்யும் என்று துப்புச் சொல்கிறார் பீஷ்மர். பெயரை மாற்றிக்கொள்ளலாம், கோலத்தை மாற்றிக்கொள்ளலாம்; பெய்கிற மழையை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது?

காமிக்ஸ் நாயகர்களின் ரகசிய அடையாளத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக 1938இல் வந்த சூப்பர்மேனிலிருந்து தொடங்குவார்கள். இன்னும் கொஞ்சம் தோண்டுகிறவர்கள் 1919இல் ஜான்ஸ்டன் மெக்கல்லி படைத்த ஸோரோவுக்குப் போவார்கள். நமக்கு அவ்வளவு தூரப் பயணம் எதற்கு? கங்கன், வல்லவன், பிருகந்நளை என்று புனைபெயர்கள். விராடனின் அரண்மனையில் ஆளுக்கொரு வேலை. ஊருக்கு வெளியே வன்னி மரத்தில் ஆயுதங்கள். யாரும் கிட்டே வராதிருக்க அதிலேயே ஒரு பிணத்தையும் கட்டிவைக்கிறார்கள். அர்ஜுனனின் பிருகந்நளைக் கோலத்துக்கு ஊர்வசியின் சாபம் என்ற முன்கதையும் உண்டு. தேரோட்ட வந்தவர் அர்ஜுனன்தான் என்பதை நம்பாத விராடனின் மகன் உத்தரன், அப்படியானால் பத்துப் பெயரையும் சொல் என்கிறான். அர்ஜுனன் ஒவ்வொன்றையும் அது வந்த காரணத்தோடு சொல்கிறான். ஒரு நாயகனின் பிறவிக் கதையை இவ்வளவு கச்சிதமான இடத்தில் வைத்த அமெரிக்க இதழ் எதையும் நான் படித்ததில்லை.

ஆனால் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. சூப்பர்மேனின் மறுவேடமான கிளார்க் கென்ட் ஆயுளுக்கும் மூக்குக்கண்ணாடியைக் கழற்ற முடியாது. பாண்டவர்களுக்கு ஓராண்டுதான் கெடு. நடுவில் பிடிபட்டால் மறுபடி பன்னிரண்டு ஆண்டு வனவாசம். (2001இல் தனி மாவட்டமாகி, 2002இல் பெரம்பலூருக்குள் மறைந்து, 2007இல் திரும்பவும் வெளிப்பட்ட அரியலூருக்கு அஞ்ஞாதவாசம் புதிதல்ல.) இந்தக் கதையைக் கூத்தாகப் பார்க்க உட்கார்ந்தவர்களுக்கு ரகசியம் முதலிலிருந்தே தெரியும். அது எப்போது, எப்படி உடையும் என்பதற்காகத்தான் விடிய விடியக் கண் விழிக்கிறார்கள். பின்னால் வந்த முகமூடிகளில் எது இங்கே ஊன்றும், எது ஊன்றாது என்பதை இந்த ருசியே தீர்மானித்தது என்று நினைக்கிறேன்.

1954இல் ஸ்ரீராமுலு நாயுடு இயக்கிய 'மலைக்கள்ளன்' நல்ல உதாரணம். நாமக்கல் கவிஞரின் நாவல், கருணாநிதியின் வசனம். கொள்ளைக்காரனும் எம்.ஜி.ஆர்., ஊர் மதிக்கும் வணிகர் அப்துல் ரஹீமும் எம்.ஜி.ஆர். கொட்டகையில் இருந்த கடைசிப் பெஞ்சுக்காரருக்கும் அது தெரியும். தெரியாதவர் படத்தில் வரும் போலீஸ்காரர் மட்டும்தான்.

லீ ஃபாக்கின் வேதாளர் இங்கே நிலைத்ததற்கு வேறு காரணம். 1936 பிப்ரவரியில் அந்தத் தொடரை ஆரம்பித்தபோது, ஜிம்மி வெல்ஸ் என்ற பணக்கார உல்லாசியே முகமூடிக்காரன் என்று பிற்பாடு போட்டு உடைப்பதுதான் ஃபாக்கின் திட்டம். பாதியில் அதைக் கைவிட்டு, நானூறு ஆண்டுகளாகத் தந்தைக்குப் பின் மகன் பட்டம் ஏற்கும் வம்சத்தில் இருபத்தோராவது ஆளாக அவனை மாற்றினார். முகமூடி ஒருவனுடைய ரகசியமாக இல்லாமல் பரம்பரைப் பொறுப்பாயிற்று. குலசாமியின் பூசாரிப் பட்டம் தலைமுறை தலைமுறையாகக் கைமாறும் ஊர்களுக்கு இதில் புரியாதது ஒன்றுமில்லை. முத்து காமிக்ஸ் அவரை வேதாளர் என்றது, ராணி காமிக்ஸ் மாயாவி என்றது. இரண்டு பெயரிலும் வாசகர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

தமிழன் சொந்தப் பிள்ளையாகவே வளர்த்த மாயாவி வேறொருவர். 1972இல் சிவகாசியிலிருந்து சௌந்தரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'. மூலம், 1962இல் வேலியண்ட் என்ற பிரிட்டிஷ் வார இதழில் வெளிவரத் தொடங்கிய தொடர். கென் பல்மர் எழுத, ஸ்பெயின்காரர் ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்தார். ஆய்வுக்கூட உதவியாளன் லூயிஸ் கிராண்டெல் விபத்தில் வலது கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொள்கிறான். மின்சாரம் பாய்ந்தால் உடல் மறையும், கை மட்டும் மறையாது. முதலில் திருடுகிறான், பிறகுதான் திருந்தி உளவுப் படையில் சேர்கிறான். முகமூடி கிடையாது, இரட்டை வாழ்க்கையும் பெரிதாகக் கிடையாது. அந்தரத்தில் மிதந்து வரும் அந்தக் கையை முதன்முதலில் பார்த்த சிறுவர்களை யோசித்துப் பாருங்கள். தருமனை மழை காட்டிக்கொடுத்தது போல மாயாவியை அவன் கையே காட்டிக்கொடுக்கிறது. அவன் இங்கே அரை நூற்றாண்டாக மறுபதிப்பு கண்டுகொண்டிருப்பதற்கு அதில் பாதிக் காரணமாவது இருக்கும்.

சினிமாவைச் சுருக்கமாகவே சொல்லலாம். மிஷ்கினின் 'முகமூடி' (2012) உடையையும் சண்டையையும் மெனக்கெட்டுச் செய்தது, கூட்டம் ஒட்டவில்லை. 'அந்நியன்' (2005) ஓடியது. அதில் ரகசியம் நாயகனுக்கே தெரியாது. நமக்கு முன்னாடியே தெரியும்.

1984இல் விஜயன் தொடங்கிய லயன் காமிக்ஸ் கொண்டுவந்த ஸ்பைடரைத்தான் இந்தக் கணக்கில் எங்கே வைப்பதென்று தெரியவில்லை. சொந்தப் பெயரே சொல்லப்படாத குற்றச் சக்கரவர்த்தி. பின்னாளில் குற்றவாளிகளையே வேட்டையாடுகிறான். மூலம் வந்த பிரிட்டிஷ் வார இதழின் பெயரும் லயன்தான். 1965இல் டெட் கோவன் தொடங்கிய தொடரை அடுத்த ஆண்டிலிருந்து எழுதியவர் ஜெர்ரி சீகல். 1938இல் ஜோ ஷஸ்டரோடு சேர்ந்து சூப்பர்மேனின் உரிமையை 130 டாலருக்கு விற்றவர் அவர். எழுதியவர், வரைந்தவர் பெயர்களை அச்சிடும் பழக்கம் அந்த நாளைய பிரிட்டிஷ் வார இதழ்களில் கிடையாது. கிளார்க் கென்டைப் படைத்தவர் வாராவாரம் ஒரு திருடனின் கதையைப் பெயரில்லாமல் எழுதிக்கொண்டிருந்தார்.