வண்டிக்கு உண்டு, கைக்கு இல்லை

பெங்களூரில் பிரேசர் டவுனை ஒட்டிய லிங்கராஜபுரத்தில் இருக்கிறது ‘அசோசியேஷன் ஆஃப் பீப்பிள் வித் டிசபிலிட்டி’. இளம்பிள்ளை வாதத்தால் பாதிக்கப்பட்ட என்.எஸ். ஹேமா 1959-இல் தொடங்கிய அமைப்பு. பள்ளி, தொழிற்பயிற்சி, உதவிக் கருவிகள் என்று அதன் பணிகள் விரிந்திருக்கின்றன. மாற்றுத்திறனாளிகளுக்கான நிவாரணத்தை மாநிலப் பட்டியலில் வைத்தது அரசமைப்புச் சட்டம். நடைமுறையிலோ வேலையைத் தொண்டு நிறுவனங்கள் செய்கின்றன. செலவில் ஒரு பங்கை அரசு தருகிறது.

இந்த ஏற்பாட்டில் நியாயம் இருக்கிறது. பேச்சுப் பயிற்சியும் தசைப் பயிற்சியும் பல ஆண்டுப் பழக்கத்தில் கைவருபவை. மூன்று வருடத்துக்கு ஒருமுறை இடம் மாறும் அதிகாரியிடம் அதை எதிர்பார்க்க முடியாது. மத்திய அரசின் தீனதயாள் மறுவாழ்வுத் திட்டம், தேர்வான பணிக்கு 90 சதவீதம் வரை மானியம் தருகிறது. கர்நாடகத்தின் ‘குழந்தை மையத் திட்டம்’ சிறப்புப் பள்ளிகளுக்குத் தலைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டுக் கொடுக்கிறது. நன்கொடையாளர் மனம் மாறினால் மூடிவிட வேண்டிய பள்ளிக்கு இது பெரிய ஊன்றுகோல்.

ஊன்றுகோல் நேரத்துக்குக் கைக்கு வருவதில்லை என்பதுதான் கோளாறு. ஆய்வு, மாவட்டப் பரிந்துரை, மாநிலப் பரிந்துரை எல்லாம் கடந்து பணம் வந்து சேர்வதற்குள் ஆசிரியருக்குச் சம்பளமில்லாமல் மாதங்கள் ஓடிவிடும். இன்னொரு விசித்திரம்: தீனதயாள் திட்டத்தில் நகர்ப்புறப் பணிகளுக்கு ஏழு ஆண்டுகள் கழிந்ததும் மானியம் படிப்படியாக 75 சதவீதம் வரை இறங்கும். பெங்களூரில் வாடகை எந்த ஆண்டு இறங்கியது?

பணத்தை நேராக ஆளிடமே கொடுத்தால் என்ன? ஆஸ்திரேலியா 2013-இல் தொடங்கிய தேசிய மாற்றுத்திறனாளிக் காப்பீட்டுத் திட்டம் அப்படித்தான் செய்கிறது. தேவைக்கேற்ற தொகை ஒதுக்கப்படுகிறது, யாரிடம் சேவை பெறுவது என்பதைப் பயனாளி முடிவு செய்கிறார். அங்கே செலவு கட்டுக்கடங்காமல் ஏறியதும் மோசடிகள் நுழைந்ததும் உண்மை. இங்கே சிக்கல் நேர் எதிரானது. மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்தில் மத்திய அரசின் பங்கு மாதம் 300 ரூபாய். 2012-க்குப் பிறகு அது நகரவில்லை. அதற்கும் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும், குறைபாடு 80 சதவீதம் இருக்க வேண்டும். கர்நாடகம் சேர்த்துக் கொடுத்தும், 75 சதவீதத்துக்கு மேல் குறைபாடு உள்ள பெரும்பாலோருக்குக் கிடைப்பது 1,400 ரூபாய். அதில் பிசியோதெரபிஸ்ட்டை எத்தனை முறை வரவழைக்க முடியும்?

மூன்றாவது வழி உள்ளாட்சி நிதி. கர்நாடக உள்ளாட்சிகள் தம் நிதியில் 5 சதவீதத்தை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்க வேண்டும். நல்ல விதி, வார்டு அளவில் பணம் கிடைக்கிறது. ஆனால் கூடுதல் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரே அந்தப் பணத்தின் செல்லப்பிள்ளை. ஸ்கூட்டரை எண்ணலாம், வரிசையாக நிறுத்திப் படம் எடுக்கலாம், தணிக்கையில் காட்டலாம். பெருமூளை வாதம் உள்ள இருபது வயது மகனைத் தினமும் தூக்கிக் குளிப்பாட்டும் தாயின் உழைப்புக்கு ரசீது கிடையாது.

அந்த உழைப்பை அரசு அறவே காணாமலும் இல்லை. பெருமூளை வாதம், தசைச் சிதைவு போன்ற சில நிலைகளில் உள்ளவர்களைப் பராமரிப்போருக்கு மாதம் 1,000 ரூபாய் என்று 2024-25 கர்நாடக நிதிநிலை அறிக்கை அறிவித்தது. ஒரு நாளைக்கு 33 ரூபாய். தொகை அற்பம்தான், ஆனாலும் பராமரிப்பை வேலையாக ஏற்று ஒரு கணக்குத் தலைப்பு திறந்தாயிற்று. 5 சதவீத உள்ளாட்சி நிதியில் ஒரு பகுதியை இத்தலைப்போடு இணைத்தால், பிரேசர் டவுன் போன்ற ஒரு பகுதியில் பகல்நேரப் பராமரிப்பு மையம் ஒன்றுக்குப் பயிற்சி பெற்ற இரண்டு பேரைச் சம்பளத்துக்கு அமர்த்தலாம். அந்தத் தாய்க்குப் பகலில் நாலு மணி நேரம் கிடைக்கும்.