பாரிட் சூலோங் வழக்கும் சான்றின் அறமும்

அனைத்துலகக் குற்றவியல் நீதியைப் பற்றிப் பேசுவோர் நூரம்பெர்க், டோக்கியோ, ஹேக் ஆகிய நகரங்களையே பெரிதும் சுட்டுவர். ஜொகூர் மாநிலத்துப் பாரிட் சூலோங்கும் அவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கது என்பது நம் கருத்து. அங்கு நிகழ்ந்த கொலைகளைப் பற்றிய வழக்கு, புலனாய்வின் அறம் குறித்து எழுப்பிய வினாக்கள் இன்றும் முற்றாகத் தீரவில்லை.

1942 சனவரியில் மூவார்ப் போரில் பின்வாங்கிய ஆஸ்திரேலிய, இந்தியப் படையினர், பாரிட் சூலோங் பாலம் ஜப்பானியர் வசமிருந்தமையால் வழியடைபட்டனர். இயன்றவர்கள் காட்டுவழியே தப்பிச் சென்றனர். படுகாயமுற்றோர் விட்டுச் செல்லப்பட்டனர். சனவரி 22ஆம் நாள் அவர்களுள் ஏறத்தாழ 110 ஆஸ்திரேலியரும் 40 இந்தியரும் கொல்லப்பட்டனர், உடல்கள் எரிக்கப்பட்டன. இறந்தவர்போல் கிடந்து உயிர் தப்பிய லெப்டினன்ட் பென் ஹாக்னி என்னும் ஆஸ்திரேலியரின் சாட்சியம் பின்னர் வழக்கிற்கு அடிப்படையாயிற்று.

குற்றம் நிகழ்ந்ததில் ஐயமில்லை. கொலைக்கு ஆணையிட்டவர் யார் என்பதே வழக்கின் மையம். அப்பகுதியில் போரிட்ட பேரரசுக் காவற்படைப் பிரிவின் தளபதி தக்குமா நிஷிமுரா, சிங்கப்பூர்ச் சீனர் படுகொலைக்காக 1947இல் ஆயுள் தண்டனை பெற்றவர். 1950இல் மானுஸ் தீவில் ஆஸ்திரேலியர் அமைத்த இராணுவ நீதிமன்றம் பாரிட் சூலோங் கொலைகளுக்கு அவரே பொறுப்பு எனத் தீர்ப்பளித்தது. 1951 சூன் 11ஆம் நாள் அவர் தூக்கிலிடப்பட்டார்.

இயன் வார்டு 1996இல் வெளியிட்ட ‘ஸ்னேரிங் தி அதர் டைகர்’ என்னும் நூல் இத்தீர்ப்பைக் கேள்விக்குள்ளாக்கியது. புலனாய்வு அதிகாரி ஜேம்ஸ் காட்வின் சான்றுகளைத் திரித்தார் என்பது அந்நூலின் வாதம். காட்வின் தாமே ஜப்பானியரிடம் போர்க்கைதியாயிருந்து துன்புற்றவர் என்பதால் இவ்வாதம் பலருக்கும் ஏற்புடையதாகத் தோன்றியது. எனினும், காட்வினைக் குற்றஞ்சாட்டப் பயன்பட்ட சான்றுகளே பிற்காலப் புனைவு என்று கிரெகரி ஹேட்லியும் ஜேம்ஸ் ஓகில்தோர்ப்பும் 2007இல் தம் ஆய்வுக் கட்டுரையில் வாதிட்டனர். தீர்ப்பை ஐயுற்றவர் காட்டிய சான்றும் இவ்வாறு ஐயத்திற்குள்ளாயிற்று.

இவ்விடத்துச் சிலப்பதிகார வழக்குரை காதை நினைக்கத்தக்கது. பாண்டியன் பொற்கொல்லன் சொல்லை நம்பினான். பரல் முத்தா மாணிக்கமா என்னும் சோதனை கோவலன் உயிர் போன பின்னரே நடைபெற்றது. மானுஸ் வழக்கிலும் சான்று பற்றிய பெருவிவாதம் தண்டனைக்குப் பின்னரே எழுந்தது. ஆனால் இரண்டிற்கும் ஒரு வேறுபாடு உண்டு. சிலம்பு உடைந்ததும் உண்மை வெளிப்பட்டது. வாய்மொழி ஆணையோ அத்தகைய பருப்பொருள் அன்று. அதனைக் கேட்டவர் நினைவும் நேர்மையுமே அதற்குச் சான்று.

இக்காலத்துத் தடயவியல் இவ்விடைவெளியை நிரப்பிவிடும் எனச் சிலர் கருதக்கூடும். மலேசியாவிலும் 2009ஆம் ஆண்டின் மரபணு அடையாளச் சட்டம் நடைமுறையில் உள்ளது. எலும்பு எவருடையது என மரபணு கூறலாம். ஆணை எவருடையது என அது கூறாது. மேலும், மாதிரியை எடுத்தவர், காத்தவர், ஒப்பிட்டவர் ஆகியோரின் நேர்மையின்மேல்தான் அறிவியற் சான்றும் நிற்கிறது. எனவே, கருவிகள் பெருகுவதால் புலனாய்வாளரின் அறப்பொறுப்புக் குறைவதில்லை என்பது நம் துணிபு.

தளபதியின் பொறுப்பு பற்றிய வினா 2019இல் வேறொரு வடிவில் இந்நாட்டில் எழுந்தது. அவ்வாண்டு மார்ச்சில் மலேசியா ரோம் சாசனத்தில் இணைந்தது, ஏப்ரலில் விலகியது. ஆயுதப்படைகளின் தலைமைத் தளபதியாகிய மாமன்னர் வழக்கிற்குள்ளாக நேருமோ என்னும் அச்சம் அவ்விவாதத்தில் முன்னின்றது. எதிர்த்தவர்களுள் ஜொகூர்ப் பட்டத்து இளவரசரும் ஒருவர். கீழுள்ளோர் குற்றத்தை அறிந்தும், அல்லது அறிந்திருக்க வேண்டிய நிலையிலிருந்தும், தடுக்கத் தவறிய படைத்தலைவரைப் பொறுப்பாக்குவது அச்சாசனத்தின் 28ஆம் விதி. அதே சாசனம் மரண தண்டனைக்கு இடமளிக்கவில்லை என்பதும் கருதற்குரியது. பொறுப்பை விரிவாக்கும் சட்டம், பிழை நேர்ந்தால் திருத்துவதற்கும் வழி விட்டுவைக்க வேண்டும். நிஷிமுராவின் வழக்கில் அவ்வழி அடைபட்டது.

நிஷிமுரா குற்றமற்றவர் என்பது நம் வாதமன்று. கொலைக்களத்திற்கும் தளபதிக்கும் இடைப்பட்ட ஒவ்வொரு கண்ணியும் தண்டனைக்கு முன்னரே சோதிக்கப்பட்டிருத்தல் வேண்டும் என்பதே நாம் வலியுறுத்துவது. அச்சோதனை குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு மட்டும் உரிய சலுகையன்று. மாண்டவர்க்கும் அதுவே நீதி. வழக்கைப் பற்றிய நூல்கள் ஆஸ்திரேலியச் சாட்சியையும் ஜப்பானியத் தளபதியையும் விரிவாகப் பேசுகின்றன. அவர்களோடு மாண்ட நாற்பது இந்திய வீரர்களும் அந்நீதிக்கு உரியவர்களே. வழக்குரை காதையைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் ஜொகூரில் நிகழ்ந்த கொலைகளைப் பற்றிய இவ்வழக்கையும் உடன்வைத்து விவாதிப்பின், சான்றை ஆராய்ந்த பின்னரே முடிவு கூறும் பழக்கம் மாணவரிடையே வளரும் என நம்புகிறோம்.