கையெழுத்தும் கைநாட்டும்: வேட்புமனு என்கிற பிரதியை முன்வைத்து

தேர்தல் பற்றி நாம் நிறையவே எழுதியிருக்கிறோம். ஓட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனதை எழுதினோம். ஓட்டுப் போடப் போனவர்களை மறித்து அடித்ததை எழுதினோம். ஜெயித்தவரை வெட்டிச் சாய்த்ததையும் எழுதினோம். இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு தாள் இருக்கிறது. வேட்புமனு. வேட்பாளர் கையெழுத்து ஒன்று, முன்மொழிகிறவர் கையெழுத்து ஒன்று. கவிதையையும் கதையையும் கட்டுடைத்து வாசிக்கிற நாம், இந்தத் தாளை ஒரு பிரதியாக வைத்து வாசித்ததில்லை. வாசித்துப் பார்ப்போம்.

2019 டிசம்பர். கந்தர்வக்கோட்டைக்குப் பக்கத்தில் எங்க சேரி. சித்தப்பா வார்டு மெம்பருக்கு நிக்கப் போறேன்னு சொன்னாக. எங்களுக்கு டெபாசிட் நூறு ரூபாய்தான், அது பெரிசில்லை. முன்மொழிய ஒரு ஆள் வேணும், அதே வார்டு வாக்காளரா இருக்கணும். "அதுக்கென்ன, போட்டுட்டாப் போச்சு" என்று ராத்திரி சொன்ன மூன்று பேரும் மறுநாள் வேலைக்குப் போய்த் திரும்பியதும் தலையைக் குனிந்துகொண்டார்கள். தோட்டக்காரர் யாரையும் அடிக்கவில்லை, திட்டவுமில்லை. "யாருப்பா கையெழுத்துப் போடப் போறது?" என்று மட்டும் கேட்டாராம்.

கடைசியில் போட்டது எங்க அப்பாயி. 1991இல் புதுக்கோட்டை மாவட்டம் முழுக்க அறிவொளி இயக்கம் நடந்தபோது அரிக்கேன் வெளிச்சத்தில் எழுதப் பழகிய கை அது. ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலம். பெண்கள் கூட்டம் கூட்டமாகச் சைக்கிள் ஓட்டப் படித்த காலம். 1992இல் இதை முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டம் என்று அறிவித்தார்கள். அப்பாயி சைக்கிள் படிக்கவில்லை, கையெழுத்துப் படித்தது. "தோட்டத்துக்குப் போற வயசு எனக்கு எப்பவோ போச்சு. என்னைய இனிமே எதுலேருந்துடா நிறுத்துவான்?" என்று சொல்லிக்கொண்டே நடுங்குகிற கையால் போட்டது. பரிசீலனை அன்றைக்கு, "இது ஒங்க கையெழுத்தா?" என்று கேட்டதற்கு, "பின்ன யாருது?" என்றது. மனு ஏற்கப்பட்டது. சித்தப்பா தோத்துப் போனாக. அது வேற கதை.

எனக்கு உறுத்தியது அந்தக் கேள்வி. "இது உங்கள் கையெழுத்தா?" முன்மொழிந்தவரிடம் அரசு கேட்கிற கேள்வி அது ஒன்றுதான். கையெழுத்துப் போடாமல் போன அந்த மூன்று பேரிடம் கேட்க அதனிடம் ஒரு கேள்வியும் இல்லை.

ஊராட்சித் தேர்தலுக்குத் தனி விதிகள் 1995இல் வந்தன. ஆனால் அவற்றின் வார்ப்பு 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம்தான். அதன் 36ஆம் பிரிவு, வேட்பாளர் அல்லது முன்மொழிந்தவர் கையெழுத்து உண்மையானதல்ல என்றால் மனுவைத் தள்ளலாம் என்கிறது. சாரமில்லாத சிறு குறைக்காகத் தள்ளக்கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. எது சாரம், எது சிறு குறை? இங்கேதான் சாதி, 'சாதி' என்கிற சொல்லே இல்லாமல் பிரதிக்குள் நுழைகிறது.

எழுதத் தெரிந்தவர் வீட்டிலிருந்தே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தனுப்பலாம். எழுதத் தெரியாதவர் அதிகாரி முன்னால் போய் நின்று ரேகை வைக்க வேண்டும், அதிகாரி அதற்குச் சான்றொப்பம் இட வேண்டும். அதாவது கைநாட்டுக்காரர் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு, ஊரே பார்க்க நடந்து போய், இன்னாருக்காக வந்தேன் என்று காட்டிக்கொள்ள வேண்டும்.

முதல் பொதுத்தேர்தலில் பஞ்சாபில் நடந்ததைப் பாருங்கள். இரட்டை உறுப்பினர் தொகுதி, அதில் ஒரு இடம் தாழ்த்தப்பட்டோருக்கு. அந்த இடத்துக்கு ஆத்மா ராம் நான்கு மனுக்கள் போட்டார். நான்கிலும் முன்மொழிந்தவர்களும் வழிமொழிந்தவர்களும் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். ரேகை வைத்தார்கள், சான்றொப்பம் இல்லை. மனுக்கள் தள்ளுபடி. தேர்தல் தீர்ப்பாயம், இது வெறும் தொழில்நுட்பக் குறை என்றது. 1954இல் உச்சநீதிமன்றம் அதைப் புரட்டியது. சான்றொப்பம் சாரமான தேவை, பரிசீலனை நேரத்தில் அதைச் சரிசெய்யவும் முடியாது என்றது. சட்ட தர்க்கமாக அந்தத் தீர்ப்பில் ஓட்டை இருப்பதாக நான் சொல்லவில்லை. ஆனால் யாரைப் படிக்க விடாமல் வைத்திருந்ததோ அவர்கள் விரலையே இந்தச் சமூகம் சந்தேகிக்கிறது என்பது அந்தத் தீர்ப்பில் எழுதப்படாத வரி. நாம் வாசிக்க வேண்டியது அதைத்தான்.

இதற்கு நேர்மாறான காட்சி ஒன்றும் உண்டு. 1996இல் மேலவளவில் மனு போட்ட தலித்துகள் மிரட்டலுக்குப் பிறகு மனுவைத் திரும்பப் பெற்றார்கள். அதற்கும் கையெழுத்துதான். பிறகு துணிந்து நின்று தலைவரான முருகேசனும் அவரோடு ஐந்து பேரும் 1997 ஜூன் 30 அன்று கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஊராட்சிகளில் தலைவர் பதவி தலித்துகளுக்கு என்று ஆனதும் 1996 முதல் 2006 வரை பத்தாண்டுகள் என்ன நடந்தது? மனுவே வராது. வந்தால் ஊர் நிறுத்திய ஆள் ஜெயித்த கையோடு ராஜினாமாக் கடிதம் கொடுப்பார். அதிலும் ஒரு கையெழுத்து. அந்தக் கையெழுத்து செல்லும்.

ஆக நம் முன்னால் நான்கு கையெழுத்துகள் இருக்கின்றன. முன்மொழிகிற கையெழுத்து, "அது என்னுடையதில்லை" என்று மறுக்கிற கையெழுத்து, வாபஸ் வாங்குகிற கையெழுத்து, ராஜினாமா செய்கிற கையெழுத்து. உள்ளே வருவதற்கான முதல் கையெழுத்தை அரசு சந்தேகத்தோடு பார்க்கிறது. வெளியே போவதற்கான மற்ற மூன்றையும் நம்பிவிடுகிறது. இந்தப் பிரதியின் அரசியல் மொத்தமும் இவ்வளவுதான்.

மறுப்பு எப்படி வேலை செய்யும் என்பதை 2017 டிசம்பரில் தமிழ்நாடே பார்த்தது. ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் நடிகர் விஷாலை முன்மொழிந்த பத்துப் பேரில் இரண்டு பேர், அது எங்கள் கையெழுத்தில்லை என்றார்கள். மிரட்டிச் சொல்ல வைத்தார்கள் என்று விஷால் புகார் சொன்னார். மனு தள்ளுபடி. காமிரா சூழ நிற்கிற நடிகருக்கே இந்தக் கதி என்றால், கூலிக்குப் போகிற எங்க சித்தப்பாவுக்கு?

கையெழுத்தைச் சரிபார்க்கவே கூடாது என்று சொல்ல வரவில்லை. நம் ஆட்கள் பேரில் கள்ளக் கையெழுத்துப் போட்டுப் பினாமியை நிறுத்துவதும் ஊரால் முடியும். அதனால் சரிபார்ப்பு நமக்கும் தேவை. கை யாருடையது என்று பார்க்கிறவர்கள், அந்தக் கையை யார் பிடித்திருக்கிறார்கள் என்றும் பாருங்கள் என்பதுதான் கோரிக்கை.

இதற்குப் புதிய சட்டம்கூட வேண்டாம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015இல் வந்த திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. தலித், பழங்குடியினரை வேட்புமனு போடவிடாமல் தடுப்பது, போட்ட மனுவை வாபஸ் வாங்க வைப்பது, இன்னொரு தலித்தையோ பழங்குடியினரையோ முன்மொழிய விடாமல் மிரட்டுவது எல்லாம் அதன்படி குற்றம். அப்படியானால் கையைப் பிடிக்கிறார்கள் என்பது சட்டத்துக்குத் தெரியும். ஆனால் அந்தச் சட்டம் போலீஸ் ஸ்டேஷன் அலமாரியில் இருக்கிறது, வேட்புமனு பரிசீலனை மேசையில் இல்லை. ஒரு சட்டம் பேசுவது இன்னொன்றின் காதில் விழவில்லை.

2025 ஜனவரி 5ஆம் தேதியோடு எங்கள் மாவட்டம் உட்பட 28 மாவட்டங்களில் ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் முடிந்து, தனி அலுவலர்கள் வந்தார்கள். எப்போது தேர்தல் நடந்தாலும் அதற்கு முன்னால் நாம் செய்ய வேண்டியது உண்டு. தனித்தொகுதி ஊர்களில் மனுத்தாக்கலுக்கு முந்தைய நாட்களில் தோழர்கள் சேரியில் தங்க வேண்டும். கைநாட்டு வைக்கிறவரைத் துணையோடு கூட்டிப் போக வேண்டும். மறுப்போ வாபஸோ ராஜினாமாவோ வந்தால், கொடுத்தவரைத் தனியாக விசாரித்துப் பதிவு செய்யாமல் ஏற்கக்கூடாது என்று தேர்தல் ஆணையத்தைக் கேட்க வேண்டும்.

அப்பாயிக்கு வயசாகிவிட்டது. கை முன்னைவிட நடுங்குகிறது. அடுத்த தடவை அதன் கையெழுத்து பழைய கையெழுத்தோடு ஒத்துப்போகாமல் இருக்கலாம். அதுக்குள்ள அந்த மூன்று பேரும் போடணும்.